போட்ட ஊசியும் போடாத ஊசியும்

வார்டுக்குப் புதிதாக நர்ஸாக வந்திருக்கும் உங்களில் யாராவது இன்சுலின் ஊசியைக் கொஞ்சமும் பயமில்லாமல் கையில் எடுத்தால், அவர்களோடு நான் தனியாகப் பேச வேண்டும். பயந்துகொண்டே எடுக்கிறவர்களிடமும் பேச வேண்டியிருக்கிறது. எனக்கு இரண்டு விதமான அனுபவமும் உண்டு. இரண்டும் ஒரே பெண்ணின் உடம்பில், அடுத்தடுத்த இரண்டு நாளில் நடந்தன. ஓய்வு பெற்ற பிறகும் மழைக்காலத்துக் காலைகளில் எனக்கு அவள் முகம்தான் முதலில் தெரிகிறது.

கொடைக்கானல் டவுனில் உள்ள ஒரு மருத்துவமனையில், பெண்கள் வார்டில் நான் அப்போது காலை ஷிப்ட் பொறுப்பில் இருந்தேன். வேலைக்கு வந்து இருபது வருடம் தாண்டியிருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இம்மாதிரி விஷயங்களைக் கேட்கும்போது, அனுபவம் போதாதவர் யாரோ செய்திருப்பார் என்று மனம் ஒரு சமாதானம் தேடும். அந்தச் சமாதானத்தை நான் உங்களுக்குத் தர மாட்டேன்.

அவள் பெயர் கௌசல்யா என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபத்தாறு வயது. வில்பட்டிப் பக்கம் பூண்டு போடும் குடும்பம். பாத்தியில் களையெடுக்கும்போது களைக்கொத்து காலில் பட்டு, அதைப் பெரிதாக நினைக்காமல் விட்டு, புண் சீழ் வைத்துக் காய்ச்சலோடு வந்து சேர்ந்திருந்தாள். பன்னிரண்டு வயதிலிருந்தே அவளுக்குச் சர்க்கரை. நம் ஊரில் ஐம்பது வயதில் வருகிறதே, மாத்திரைக்கு அடங்குகிற சர்க்கரை, அது இல்லை. இவள் உடம்பில் இன்சுலின் ஒரு சொட்டுகூட ஊறாது. ஊசிதான் அவளுக்கு உயிர்.

இரண்டு வகை ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். ஒன்று ஒவ்வொரு வேளையும் சாப்பாட்டுக்கு முன்னால் போடுவது, வேகமாக வேலை செய்வது. இன்னொன்று காலையில் ஒரு தடவை போட்டால் மறுநாள் காலைவரை அடியில் நின்று காப்பது. அவள் வாயில் அவற்றுக்கு வேறு பெயர்கள். "சாப்பாட்டு ஊசி", "ஒருநாள் ஊசி". பாட்டில் மேல் அச்சடித்திருக்கும் பெயரைவிட அவள் வைத்த பெயர்தான் சரி என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. என்ன செய்யும் என்பது அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

கூட இருந்தவர் அவளுடைய அண்ணன் பாண்டி. மலையிலிருந்து வத்தலக்குண்டு மார்க்கெட்டுக்குக் காய்கறி வேன் ஓட்டுகிறவர். தங்கைக்கு உடம்பு சரியில்லை என்று வண்டியை வீட்டில் போட்டுவிட்டு வந்திருந்தார்.

அது ஐப்பசி. முந்தின நாள் முழுக்கப் பெய்த மழை விட்டு, வார்டு ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியாத அளவுக்கு மேகம் இறங்கியிருந்தது. காலை ஏழு மணிக்கு நான் சர்க்கரை பார்க்கக் கௌசல்யாவின் விரலில் குத்தினேன். விரல் ஐஸ்கட்டி மாதிரி இருந்தது. அழுத்தி அழுத்தித்தான் ஒரு சொட்டு ரத்தம் வந்தது.

"எவ்வளவு சிஸ்டர்?"

"எழுபத்தொண்ணு."

"கம்மியால்ல இருக்கு. ராத்திரி காய்ச்சல்ல ரெண்டு இட்லிதான் எறங்குச்சு. சாப்பாடு வரட்டும் சிஸ்டர். தட்டு கைக்கு வந்ததும் போட்டுக்கலாம்."

"ஏழரைக்கு வந்துரும்மா. எழுபதுக்கு மேல இருக்குல்ல, பயப்படாத."

"கை லேசா நடுங்குதுங்க."

"இந்தக் குளிருக்கு எல்லாருக்கும்தான் நடுங்குது."

ஊசியைப் போட்டேன். பத்து யூனிட். தாளில் அப்படித்தான் எழுதியிருந்தது.

அந்த நேரத்தில் என் மனதில் என்ன இருந்தது என்று பல தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. எட்டு மணிக்கு டாக்டர் ரவுண்ட்ஸ் வருவார், அதற்குள் எல்லாப் படுக்கைக்கும் ஊசி முடிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். எழுபதுக்குக் கீழே போனால் தாழ்வு என்று படித்திருக்கிறோம். எழுபத்தொன்று தாழ்வில்லை. அந்த ஒரே ஒரு எண் எனக்குப் போதுமானதாக இருந்தது. அந்தச் சின்ன மெஷின் பத்துப் பதினைந்து முன்னே பின்னே காட்டும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். குளிர்ந்த விரலைப் பிதுக்கி எடுத்த ரத்தத்தை நம்பக் கூடாது என்று நானே மாணவிகளுக்குச் சொல்லியிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் மேலாக, அவள் ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை என்றாள், கை நடுங்குகிறது என்றாள். மெஷின் ஒன்று சொன்னது, மனுஷி ஒன்று சொன்னாள். நான் மெஷினை நம்பினேன்.

எங்கள் வார்டுக்குக் காலைச் சாப்பாடு வெளியே ஒரு சமையற்கூடத்திலிருந்து வேனில் வரும். ஏழு முப்பத்தைந்துக்குப் போன் வந்தது. ரோட்டில் மரம் விழுந்து கெடக்கு, அறுத்து எடுக்க ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். நான் "சரி" என்று வைத்துவிட்டேன். அப்போது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? பசியில் நோயாளிகள் சத்தம் போடுவார்களே என்றுதான் தோன்றியது. சாப்பாட்டை நம்பி அரை மணி நேரத்துக்கு முன்னால் ஒருத்திக்கு ஊசி போட்டது நினைவுக்கு வரவே இல்லை. ஒரு ரொட்டித் துண்டு போதும். ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீர் போதும். நான் வேறொரு படுக்கைக்குக் கட்டு மாற்றப் போய்விட்டேன்.

எட்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும். பக்கத்துப் படுக்கை அம்மாள் கத்தினார்.

"சிஸ்டர்! இந்தப் புள்ள என்னமோ மாதிரி பேசுது, வெரசா வாங்க!"

ஓடினேன். கௌசல்யாவின் நைட்டி தொப்பலாக நனைந்திருந்தது. வாயைத் திறந்துகொண்டு ஏதோ சொன்னாள், வார்த்தை சேரவில்லை. கண் என்னைப் பார்த்தது, ஆனால் பார்க்கவில்லை. நான் பெயர் சொல்லிக் கூப்பிடும்போதே கை இழுத்துக்கொண்டது, தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மெஷினில் முப்பத்தொன்று.

அந்த நேரம் பார்த்து பாண்டி டீக் கிளாஸோடு உள்ளே வந்தார். தங்கையைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. "பாப்பா, பாப்பா" என்று அவள் தலையைத் தூக்கி டீயை வாயில் ஊற்றப் போனார்.

"ஊத்தாதீங்க! நெனவில்லாதவங்க வாயில ஊத்துனா மூச்சுக்குழல்ல போயிரும்!"

"சக்கர டீதாங்க! வீட்ல இப்டித்தான் குடுப்போம்!"

"முழுங்குறப்ப குடுக்கலாம். இப்ப அவளால முழுங்க முடியாது. கிளாஸக் கீழ வைங்க!"

அவர் கையிலிருந்து கிளாஸைப் பிடுங்கித் தரையில் வைத்தேன். அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். இனி நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினால்தான் உண்டு. முதல் நாள் போட்டிருந்த ஊசிக்குழாயை, அந்த இடம் வீங்கிப் போனதால், விடியற்காலையில் எடுத்துவிட்டிருந்தார்கள். புதிதாகப் போட வேண்டும். குளிரில் அவள் நரம்பெல்லாம் நூல் மாதிரி சுருங்கி உள்ளே போயிருந்தது. இடது கையில் குத்தினேன், கிடைக்கவில்லை. புறங்கையில் குத்தினேன், உடைந்தது. ஆயிரம் பேருக்கு ஊசி போட்ட கை. மூன்றாவது தடவை முழங்கை மடிப்பில் ரத்தம் திரும்பி வந்தபோது நான் வாய்விட்டு அழுதிருக்கிறேன். அதைப் பக்கத்துப் படுக்கை அம்மாள் பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

குளுக்கோஸ் உள்ளே போய் இரண்டு மூன்று நிமிடத்தில் அவள் கண் விழித்தாள். கூரையைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

இது முதல் தவறு. இத்தோடு முடிந்திருந்தால் இதை உங்களுக்குச் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை. இப்படியொரு கதை அநேகமாக எல்லா நர்ஸிடமும் ஒன்று இருக்கும். இதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை இன்னும் விடவில்லை.

டியூட்டி டாக்டர் வந்து பார்த்தார். வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகாத பெண், ஆனால் நிதானமானவர். குளுக்கோஸ் டிரிப் போடச் சொன்னார். கௌசல்யாவைச் சாப்பிட வைக்கச் சொன்னார். பிறகு என்னிடம் சொன்னது இது:

"மதியம் சாப்பாட்டுக்கு முந்தின ஊசி மட்டும் வேண்டாம் சிஸ்டர். பன்னெண்டு மணிக்கு சுகர் பாத்துட்டு என்னக் கூப்பிடுங்க. லாங் ஆக்டிங் எப்ப, எவ்வளவு போடலாம்னு அப்ப சொல்றேன். மறந்துராதீங்க."

லாங் ஆக்டிங் என்றது அந்த ஒருநாள் ஊசியை. வழக்கமாக எட்டு மணிக்குச் சாப்பிட்ட கையோடு போடுவோம். அன்றைக்குப் போடவில்லை.

பன்னிரண்டு மணிக்குச் சர்க்கரை நூற்றுத் தொண்ணூறு. டாக்டருக்குப் போன் செய்தேன். அவர் ஒரு அவசர ஆபரேஷனில் இருப்பதாக தியேட்டரிலிருந்து சொன்னார்கள். அவர் கிடைக்கவில்லை என்றதும் எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. இதை நான் மறைக்கப் போவதில்லை. அவர் எடுத்திருந்தால் 'போடுங்கள்' என்று சொல்லியிருப்பார். நான் மறுபடியும் அந்த ஊசியை எடுத்துக்கொண்டு அந்தப் படுக்கைக்குப் போக வேண்டியிருக்கும். காலையில் இழுத்துக்கொண்டு கிடந்த அந்தக் கை என் கண்ணை விட்டுப் போகவில்லை.

ஷிப்ட் முடியும்போது கௌசல்யா கேட்டாள்.

"சிஸ்டர், ஒருநாள் ஊசி இன்னும் போடலையே?"

"இன்னிக்கு வேண்டாம்மா. காலையில பாத்தோம்ல, எப்டி ஆயிருச்சுன்னு."

"அது சாப்பாட்டு ஊசியால ஆனதுங்க. இது வேற. இத விட்டா எனக்கு ஆகாது."

"டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்றேன். நீ தூங்கு."

கேட்கவில்லை. அவளுடைய தாளில் சிவப்பு மையில், பெரிய எழுத்தில், 'இன்சுலின் நிறுத்தம்' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். டாக்டர் சொன்னதில் பாதியை எழுதினேன். 'பார்த்துவிட்டுக் கேளுங்கள்' என்ற பாதியை எழுதவில்லை. வேண்டுமென்று விட்டேனா என்று கேட்டால், இல்லை என்று சொல்ல எனக்கு ஆசைதான்.

எழுதி வைத்த ஒரு சொல் வார்டில் எப்படி வளர்கிறது என்று பாருங்கள். மதியம் வந்தவள் ரோஸ்லின், நல்ல நர்ஸ். காலையில் நடந்ததைக் கேட்டு அவளுக்கும் பயம் பிடித்திருந்தது. சாயங்காலம் சர்க்கரை இருநூற்று எண்பத்தாறு. பாண்டி போய்க் கேட்டிருக்கிறார்.

"சிஸ்டர், ஏறிக்கிட்டே போகுதே. ஊசி போட மாட்டீங்களா?"

"குளுக்கோஸ் ஏத்துனோம்ல, அதான் காட்டுது. டாக்டர் இன்சுலின நிறுத்தச் சொல்லியிருக்காங்க."

டாக்டர் அப்படிச் சொல்லவே இல்லை. ஆனால் சிவப்பு மையில் எழுதியிருந்தால் அப்படித்தானே படிக்கத் தோன்றும்? இரவு நர்ஸ் வந்தபோது முந்நூற்று நாற்பது. அவளும் அதே தாளைப் பார்த்தாள். மாலை ரவுண்ட்ஸ் வந்த வேறொரு டாக்டரும் பார்த்துவிட்டு, குறைந்து போனதற்கு இது பரவாயில்லை, காலையில் பார்க்கலாம் என்று போய்விட்டார். என்னுடைய பயம் மூன்றாவது ஷிப்டுக்குள் டாக்டரின் உத்தரவாக மாறியிருந்தது.

மறுநாள் வெள்ளனே வார்டுக்குள் நுழைந்தபோதே எனக்கு அந்த வாசனை வந்தது. கனிந்து அழுகத் தொடங்கிய பேரிக்காயைக் கூடையில் மூடி வைத்திருந்தால் ஒரு வாசனை வருமே, அது. இந்த மலையில் பேரிக்காய் வாசனை புதிதில்லை. ஆனால் ஐப்பசியில் பேரிக்காய் ஏது? கௌசல்யாவின் படுக்கைக்குப் போனேன். மூச்சை ஆழமாக, வேகமாக, ஓடி வந்தவள் மாதிரி இழுத்துக்கொண்டிருந்தாள். விடியற்காலையிலிருந்து மூன்று தடவை வாந்தி. நாக்கு கட்டை மாதிரி உலர்ந்து கிடந்தது. விரலில் குத்தினேன். மெஷின் எண்ணே காட்டவில்லை. அளவுக்கு மீறிவிட்டது என்று மட்டும் காட்டியது.

இன்சுலின் அறவே இல்லாத உடம்பு சர்க்கரையை எரிக்க முடியாமல் கொழுப்பை எரிக்கும். அதில் வரும் அமிலம் ரத்தத்தில் சேர்ந்து ஆளையே கொல்லும். இதைப் பாடமாக நீங்கள் படித்திருப்பீர்கள். நானும் படித்தவள்தான். அந்த வாசனையில் அதை முகர்ந்ததும் டாக்டரைக் கூப்பிட ஆள் அனுப்பினேன்.

பாண்டி கட்டில் ஓரத்தில் நின்றார். கத்தவில்லை. "நேத்தே சொன்னேங்க" என்றார். "எல்லார்ட்டயும் சொன்னேன். அந்த ஊசிய நிறுத்தக் கூடாதுன்னு அவ சின்ன வயசுலயே எங்க எல்லாருக்கும் மனப்பாடம்."

டியூட்டி டாக்டர் ஓடி வந்தார். தாளைப் பார்த்தார், சிவப்பு எழுத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உப்புத் தண்ணீர் வேகமாக ஏற்றச் சொன்னார். சிரிஞ்சு பம்ப் என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கிறதல்லவா, மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நரம்பில் தள்ளுவது, அதில் இன்சுலின் போட்டார். நேரத்துக்கு நேரம் ரத்தப் பரிசோதனை செய்ய எங்களிடம் வசதி போதாது. மதுரைக்கு அனுப்ப வேண்டும் என்று முடிவானது. ராத்திரி மழையில் அடைபட்ட மலை ரோடு திறக்கப் பதினோரு மணி ஆனது. அதற்குள் சர்க்கரை நானூற்று இருபதுக்கு இறங்கியிருந்தது.

"யார் கூடப் போறீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"நான் போறேன்" என்றேன். தைரியத்தில் சொல்லவில்லை. அவள் இல்லாத வார்டில் என்னால் உட்கார்ந்திருக்க முடியாது என்பதால் சொன்னேன்.

ஒரு தாளில் டாக்டர் எழுதிக் கையில் கொடுத்தார். வாயாலும் சொன்னார். "இருநூத்தம்பதுக்குக் கீழ வந்தா குளுக்கோஸ் பாட்டிலச் சேருங்க. பம்ப் வேகத்தப் பாதியாக்குங்க. ஆனா நிறுத்தக் கூடாது சிஸ்டர். என்ன ஆனாலும் இன்சுலின் நிக்கக் கூடாது. அமிலம் போற வரைக்கும் அவளுக்கு அது வேணும்."

ஆம்புலன்ஸில் நான், கௌசல்யா, அவள் கால்மாட்டில் பாண்டி. பெருமாள்மலை தாண்டியதும் மேகத்துக்குள் போய்விட்டோம். முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தது. ஒவ்வொரு வளைவிலும் பாட்டில்கள் ஆடின. நான் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் அவள் நாடியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் மூச்சுச் சத்தம் வண்டிச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. அந்தச் சத்தம் நின்றுவிடுமோ என்று ஒரு பயம், நிற்காமல் இப்படியே போகுமோ என்று ஒரு பயம்.

ஊத்து என்ற ஊருக்குக் கொஞ்சம் மேலே வண்டி நின்றுவிட்டது. மண் சரிந்து ரோடு பாதியாகியிருந்தது. டூரிஸ்ட் கார்கள் ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் மாட்டிக்கொண்டிருந்தன. பாண்டி கதவைத் திறந்து குதித்தார். அவருக்கு அந்த ரோட்டின் ஒவ்வொரு வளைவும் தெரியும். "ஏலே, காரப் பின்னால எடுடா! உள்ள உசுரு கெடக்கு! நீ அந்தப் பாறைக்கு ஒதுங்கு!" என்று அவர் குரல் மேகத்துக்குள்ளிருந்து கேட்டது. ஆளைக் காணவில்லை, குரல் மட்டும் வந்தது.

அந்த நேரத்தில் நான் விரலில் குத்திப் பார்த்தேன். இருநூற்று முப்பத்தெட்டு.

நானூற்று இருபதிலிருந்து இரண்டு மணி நேரத்தில் இருநூற்று முப்பத்தெட்டு. நல்ல செய்திதான். எனக்கு அது நல்ல செய்தியாகத் தெரியவில்லை. இறங்குகிறது, இறங்கிக்கொண்டே போகும், இந்த வண்டிக்குள் மறுபடி முப்பத்தொன்று வரும், மறுபடி அந்தக் கை இழுத்துக்கொள்ளும், இந்தத் தடவை நரம்பு கிடைக்காது என்று வரிசையாக ஓடியது. டாக்டரைக் கூப்பிட்டேன். சிக்னல் இல்லை. என் விரல் பம்பை நிறுத்தும் பொத்தானுக்குப் போனது. மனம் யோசிக்கும் முன்னால் விரல் போய்விட்டது. பொத்தானின் மேல் விரல் இருக்கும்போதுதான் தெரிந்தது, நேற்று மதியம் சிவப்புப் பேனாவை எடுத்ததும் இதே கைதான், இதே பயத்தில்தான்.

விரலை எடுத்தேன். டாக்டர் கொடுத்த தாளைப் பிரித்து, ஒவ்வொரு வார்த்தையாக, சத்தமாகப் படித்தேன். குளுக்கோஸ் பாட்டிலை மாட்டினேன். பம்பின் வேகத்தைப் பாதியாக்கினேன். அது ஓடுகிறதா என்று காதை வைத்துக் கேட்டேன். பிறகு அவள் கன்னத்தைத் தட்டினேன்.

"கௌசல்யா, கை நடுங்குதா? வேர்க்குதா?"

கண்ணைத் திறக்காமலே தலையை ஆட்டினாள். இல்லை.

"தண்ணி" என்றாள்.

பாண்டி ஏறி வந்தார். உடம்பெல்லாம் சேறு. மெஷினை எட்டிப் பார்த்தார்.

"எறங்கிருச்சுங்களா? நேத்து மாதிரி ஆயிருமா சிஸ்டர்?"

"கூடவே குளுக்கோஸ் போகுது. கால் மணிக்கு ஒருக்க பாக்குறேன். ஊசிய நிறுத்த மாட்டேன்."

கால் மணி கழித்து இருநூற்று முப்பத்தொன்று. அடுத்த கால் மணியில் இருநூற்று முப்பத்து மூன்று. வண்டி நகர்ந்தது. வத்தலக்குண்டு வந்தபோது வெயில் அடித்தது. என் யூனிபாரம் மட்டும் வியர்வையில் நனைந்திருந்தது.

உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். சர்க்கரை குறைந்திருக்கும்போது ஊசியைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி 'போடலாமா, வேண்டாமா' என்ற ஒன்று மட்டும் இல்லை. முதலில் குறைவைச் சரிசெய்யுங்கள், சாப்பாடு கண் முன்னால் இருக்கிறதா என்று பாருங்கள், திரும்பவும் பரிசோதியுங்கள். பிறகு எந்த ஊசி, எவ்வளவு, எப்போது என்று டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். கிடைக்கவில்லை என்றால் கிடைக்கும்வரை கூப்பிடுங்கள். தியேட்டர் வாசலில் போய் நில்லுங்கள். நான் நின்றிருக்கலாம். எங்கள் வார்டிலிருந்து தியேட்டருக்கு நாற்பது அடி தூரம்.

மதுரை ஆஸ்பத்திரியில் அவளை எடுத்துக்கொண்ட நர்ஸ், வேகமாகக் கேள்வி கேட்டுக்கொண்டே எழுதினாள். பெயர், வயது, காய்ச்சல் எத்தனை நாள், எவ்வளவு திரவம் போனது.

"லாஸ்ட் லாங் ஆக்டிங் எப்ப போட்டீங்க?"

பாண்டி என் பக்கத்தில் நின்றிருந்தார். 'விட்டுப் போச்சு' என்று சொல்லியிருக்கலாம். யாரும் தோண்டியிருக்க மாட்டார்கள். என் வேலை, இன்னும் படித்துக்கொண்டிருந்த மகள், எல்லாம் ஒரு நொடியில் கண் முன்னால் வந்துபோயின.

"முந்தாநாள் காலையில. நேத்து போடல. டாக்டர் கேக்கச் சொன்னாங்க, நான் கேக்காம நிறுத்தம்னு எழுதிட்டேன். அதுக்கு முன்னால காலையில, எழுபத்தொண்ணு இருக்கும்போது, சாப்பாடு வராம சாப்பாட்டு ஊசியப் போட்டதும் நான்தான்."

அந்த நர்ஸ் ஒரு நிமிடம் பேனாவை நிறுத்தினாள். பிறகு எழுதினாள். பாண்டி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். ரொம்ப நேரம் கழித்து, "அவகிட்ட நீங்களே சொல்லுங்க" என்றார். "என்னால சொல்ல முடியாது. சொன்னா நான் உங்களப் பத்தி வேற மாதிரி சொல்லிருவேன்."

மருத்துவமனையில் விசாரணை நடந்தது. எழுத்தில் விளக்கம் கொடுத்தேன். வருடாந்தர சம்பள உயர்வு நின்றது. அதற்குப் பிறகு எங்கள் வார்டில் சாப்பாட்டு வேன் வாசலுக்கு வந்த பிறகுதான் சாப்பாட்டு ஊசி என்று ஆனது. அவையெல்லாம் நடக்க வேண்டியவை, நடந்தன. அந்த வாரத்தில் எனக்குக் கஷ்டமாக இருந்தது வேறு.

நான்காம் நாள் லீவு போட்டுவிட்டு மதுரைக்குப் பஸ் ஏறினேன். அவள் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் தெளிந்திருந்தது. என்னைப் பார்த்ததும், "வாங்க சிஸ்டர், வண்டியில நீங்கதான் கூட வந்தீங்களாமே" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு முன்னால் உட்கார மனம் வரவில்லை. நின்றபடியே சொன்னேன். இரண்டையும் சொன்னேன். சிவப்பு மை வரைக்கும் சொன்னேன்.

சிரிப்பு மெல்லப் போயிற்று. போர்வையின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தாள்.

"நான் சொன்னேன்ல சிஸ்டர்? ரெண்டு தடவையும் சொன்னேன்."

"ஆமாம்மா, நீ சொன்ன."

"அப்புறம் ஏன்?"

"மொத தடவ பயமே இல்ல. ரெண்டாவது தடவ பயந்துட்டேன்."

அவள் போர்வையை விட்டுவிட்டாள். வெளியே யாரோ தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு போனார்கள். பிறகு என்னை நேராகப் பார்த்து, கோபம் இல்லாத குரலில் சொன்னாள். அது கோபமாக இருந்திருந்தால் நான் இத்தனை வருடத்தில் மறந்திருப்பேன்.

"பன்னெண்டு வயசுலருந்து எனக்குத் தெனமும் காலையில அந்தப் பயந்தான் சிஸ்டர். போட்டா எறங்கிருமோ, போடாட்டி ஏறிருமோன்னு. ஒரு நாளு தப்புனதில்ல. பயந்துக்கிட்டேதான் கணக்குப் பாப்பேன், பயந்துக்கிட்டேதான் போட்டுக்குவேன். உங்களுக்குப் பயம் வந்தப்ப எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல? எனக்குத்தான் அதெல்லாம் பழக்கமாச்சே."